முதல் மாடி ரோஸி

இரண்டு மணி அடித்து வினாத்தாள் கொடுத்து முடித்ததும் தமயந்தி ஹாலின் நடுவே நடந்தாள். வேண்டுமென்றே நடந்தாள், ஓரமாகப் போகாமல், குதிகாலை அழுத்தி, பலகைத் தரை ஒவ்வொரு எட்டுக்கும் கிரீச்சென்று கத்தும்படி. மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எரிச்சலோடு நிமிர்ந்து பார்த்தாள். பார்க்கட்டும். ஒரு காலத்தில் துரைகளும் துரைசானிகளும் ஜோடி ஜோடியாக ஆடிய தரை இது, பிராம்லி ஹோட்டலின் நடன மண்டபம், இப்போது பல்கலைக்கழகத்தின் தேர்வுக்கூடம். குன்னூரில் இதுபோல் தேக்கு பாவிய தரை வேறெங்கும் கிடையாது என்று போன மாதப் பல்கலைக்கழக மலரில்கூடப் படம் போட்டு எழுதியிருந்தார்கள். தேக்கு என்று எழுதினார்கள், யார் தேய்த்தார்கள் என்று எழுதவில்லை. ஆயாக்கள் இந்த மண்டபத்தைக் கடக்க வேண்டுமென்றால் சுவரோரம் சாக்கு விரித்திருக்கும், அதன்மேல் வெறுங்காலோடு நடக்க வேண்டும், நடுவில் கால் வைத்தது தெரிந்தால் அன்றைக்கு மதியச் சோறு கிடையாது. அம்மா சொன்னது. பதினாறு வருஷம் இந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த அம்மா இந்தத் தரையின் நடுவில் ஒரு தடவைகூட நின்றதில்லை. தமயந்தி நின்றாள். நின்று தலையைத் தூக்கிப் பார்த்தாள். மேலே பாண்டு வாத்தியக்காரர்கள் உட்கார்ந்த மாடத்தில் இப்போது கண்காணிப்புக் கேமரா உட்கார்ந்திருக்கிறது, கணிதத் துறைப் பேராசிரியை ஏன் நட்டநடுவில் சிலையாக நிற்கிறாள் என்று அதுவும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். மேஜைமேல் அவளுடைய கைப்பை, கைப்பைக்குள் நாலாக மடித்த தாள். தேர்வு ஐந்து மணிக்கு முடிகிறது. ஐந்தரைக்குப் போர்ட்டிகோவில் துணைவேந்தர் திரையை விலக்க வேண்டும், கல்வெட்டில் ரோஸி தெரிய வேண்டும், அந்தத் தாளை அவள் மைக்கில் வாசிக்க வேண்டும். நாற்பத்து மூன்று ஆண்டுகள், ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல், ஒருபோதும் முகம் சுளிக்காமல், விருந்தினர் சேவையே தன் வாழ்வெனக் கொண்ட முதல் மாடிப் பணிப்பெண் ரோஸி. முகம் சுளிக்காமலாம். யார் போய்ப் பார்த்தார்கள்? நேற்று மாலை வாசித்துப் பார்த்ததிலிருந்து அந்த ஒரு சொல் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது, சோறு தின்றும் இறங்கவில்லை. மழை வரும்போலிருந்தது. அவள் ஜன்னலைச் சாத்தப் போனாள்.

ஹால் டிக்கெட் சரிபார்க்க வேண்டும். அறுபது பேர், பி.காம். இரண்டாம் வருஷம். ஒவ்வொரு மேஜையாக நின்று, டிக்கெட்டிலிருக்கும் படத்தைப் பார்த்து, பிறகு முகத்தைப் பார்த்து, பிறகு பெயரைப் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் விதிகள், ஏழாவது விதி ஆள்மாறாட்டம். ஒருவர் பெயரில் இன்னொருவர் தேர்வு எழுதினால் இருவருக்கும் மூன்று ஆண்டு தடை, காவல்துறையில் புகார். தமயந்திக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. இதே மண்டபத்தில், இதே கூரைக்குக் கீழே, நான்கு பெண்கள் ஒரே பெயரில் வேலை செய்தார்கள், யார் மேலும் புகார் இல்லை, ஏனென்றால் அந்த ஆள்மாறாட்டத்தைச் செய்யச் சொன்னதே மேனேஜர்தான். முதலில் இருந்தவள் உண்மையிலேயே ரோஸி, ரோஸலின் என்று பெயர், ஏழு வருஷம் இருந்துவிட்டுக் கல்யாணமாகி பெங்களூர் போனாள். அடுத்து வந்தவள் கன்னியம்மா. மேனேஜர் பெண்டாட்டிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, வருஷா வருஷம் வரும் விருந்தாளிகளும் ரோஸி ரோஸி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள், எதற்கு மாற்ற வேண்டும்? முதல் மாடி ஆயா என்றால் ரோஸி, இரண்டாம் மாடி ஆயா என்றால் டெய்சி. ஆள் மாறலாம், பெயர் மாறாது. வருகைப் பதிவேட்டிலும் அப்படியே எழுதினார்கள். கன்னியம்மா வயிற்றில் பிள்ளையோடு நின்றபோது காலையில் அனுப்பிவிட்டார்கள், பிள்ளைக்கு அப்பன் பதினாலாம் நம்பர் அறையில் தங்கியிருந்த தோட்டத்துத் துரை என்று லாண்டரி வரைக்கும் தெரியும், மத்தியானம் பார்வதி வந்து ரோஸி ஆனாள். அதற்கப்புறம் பதினாலில் மணி அடித்தால் ஆயாக்கள் இரண்டு பேராகத்தான் போவார்களாம். அந்தப் பதினாலாம் நம்பர்தான் இன்றைக்கு முனைவர் தமயந்தியின் அறை. கணப்படுப்பை அடைத்து அலமாரி வைத்து, அலமாரியில் விடைத்தாள் கட்டு வைத்து, இருபத்தேழு வருஷமாக அங்கே உட்கார்ந்துதான் அவள் வகைநுண்கணிதம் தயார் செய்கிறாள். ஒரு பையன் டிக்கெட்டை நீட்டினான். படத்தில் தாடி இல்லை, ஆளுக்குத் தாடி இருந்தது. “பேர் சொல்லுப்பா” என்றாள். “யுவராஜ், மேடம்.” “முழுப் பேர்.” பையன் பயந்துபோய் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அந்தத் தாளை எழுதிக் கொடுத்த கிருபாகரன் கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருக்கலாம். வரலாற்றுத் துறையில் அவளைவிடப் பதினைந்து வயது இளையவர், வேலை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். பிராம்லியின் பழைய ஒயின் நிலவறையைப் பல்கலைக்கழகம் வினாத்தாள் கிட்டங்கியாக வைத்திருக்கிறது, அங்கே கரையான் மிச்சம் வைத்த வருகைப் பதிவேடுகளைக் கண்டுபிடித்து, ஆறு மாதம் மூக்கில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்து பிரித்தவர் அவர்தான். முப்பத்தொன்றிலிருந்து எழுபத்து நான்கில் ஹோட்டலை இழுத்து மூடிய நாள் வரைக்கும் முதல் மாடிக்கு நேரே ரோஸி, ரோஸி, ரோஸி, பெயருக்கு எதிரே தினமும் ஒரு டிக், ஒரு நாள் விடாமல். அன்றைக்கு ஓட்டமாக மாடியேறி வந்தார், கண்ணில் தண்ணீர் நின்றது. “மேடம், கவர்னர் தங்கினார், மகாராஜா தங்கினார்னு எத்தனை நாளைக்கு எழுதறது? இந்தக் கட்டடத்தோட உண்மையான சரித்திரம் இந்த அம்மாதான். நாப்பத்து மூணு வருஷம் மேடம்! ஒரு நாள்கூட லீவ் இல்லை!” அவள் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சார், கூட்டிக் கழித்துப் பாருங்கள், நீங்கள் கல்வெட்டில் போடப்போகும் படம் ஐம்பத்தெட்டில் எடுத்தது, அதில் நிற்பவளுக்கு மிஞ்சினால் முப்பத்திரண்டு வயது, அப்படியென்றால் முப்பத்தொன்றில் வேலைக்குச் சேரும்போது அவளுக்கு ஐந்து வயது, ஐந்து வயதுப் பிள்ளையா வெந்நீர் வாளி தூக்கியது? ஐந்தாம் வகுப்புக் கணக்கு. கல்வெட்டுக் குழுவில் எட்டு முனைவர்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. கவர்னரைப் பற்றி எழுதியிருந்தால் எந்தக் கவர்னர், எந்த வருஷம், எந்த மாதம் என்று பிய்த்திருப்பார்கள். வேலைக்காரி என்றதும் நாற்பத்து மூன்று வருஷம் உடம்புக்கு ஒன்றும் வராமல், பிள்ளை பெறாமல், சாகாமல் ஒருத்தி இருந்தாள் என்றால் நம்பிவிடுகிறார்கள், நம்பிக் கண்ணீரும் விடுகிறார்கள். அவர் போன பிறகு, மேஜைமேல் விட்டுப்போன பதிவேடுகளில் ஒன்றை எடுத்து அவள் ஒரே ஒரு தேதியைத் தேடினாள். அறுபத்தெட்டு, ஆகஸ்ட். டிக் இருந்தது. நோட்டை மூடிவிட்டாள். அதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். “அடிஷனல் ஷீட், மேடம்” என்று யாரோ கை தூக்கினார்கள், கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மூன்றேகாலுக்குச் செல்வராணி டீ கொண்டுவந்தாள். ஒப்பந்தத் துப்புரவுப் பெண், பச்சைச் சட்டை, கழுத்தில் அட்டை. வாசலோரம் நின்றே டம்ளரை நீட்டினாள், உள்ளே வரவில்லை. எழுபத்து நான்கில் சாக்கைச் சுருட்டி எடுத்துப் போய்விட்டார்கள், ஆனாலும் இவள் இன்னும் ஓரத்தில்தான் நிற்கிறாள். இன்று கல்வெட்டுத் திறந்ததும் ரோஸி விருது என்று புதிதாக ஒன்று கொடுக்கிறார்கள், வருஷம் முழுக்க ஒரு நாளும் விடுப்பு எடுக்காத துப்புரவுப் பணியாளருக்கு, ஒரு சால்வையும் ஒரு கேடயமும். முதல் விருது செல்வராணிக்கு. அதுவும் அந்தத் தாளில் இருக்கிறது, ரோஸியின் வழிநடக்கும் செல்வராணி. தமயந்திக்கு மட்டும் தெரியும். ஜூன் மாதம் ஒரு காலையில் பதினாலாம் நம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தவள் செல்வராணியின் அட்டையை மாட்டியிருந்தாள், முகம் வேறு. கேட்டதும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். “நான் தங்கச்சிங்க மேடம். அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்திருக்காங்க. மூணு நாள் வரலைன்னா கான்ட்ராக்டர் வேற ஆளைப் போட்டுருவாரு. சொல்லிராதீங்க மேடம், கும்புடறேன்.” இருபது நாள் தங்கை வந்தாள். இருபது நாளும் தமயந்தி அவளைச் செல்வராணி என்றுதான் கூப்பிட்டாள், யார் காதிலாவது விழுந்து வைக்குமே என்று. இப்போது செல்வராணி குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மேடம், நீங்கதான் மைக்ல பேசறீங்களாமா?” என்றாள். “ஆமா.” “சால்வை குடுத்தா வாங்கிக்கிறேங்க. லீவே போடலைன்னு மட்டும் சொல்லாதீங்க மேடம். என் தங்கச்சி முன்னாடி நிப்பா. அவ செஞ்ச வேலைக்கு நான் எப்படிங்க மூஞ்சிய வெச்சுக்கிட்டு வாங்கறது?” தமயந்தி டீயை வாயில் வைத்தாள், சுட்டது. “வாங்கலைன்னா?” “வாங்கலைன்னா ஏன்னு கேப்பாங்களே. கேட்டா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும்.” அவள் டம்ளருக்காகக் காத்து நின்றாள். தமயந்தி அவசரமாகக் குடித்துவிட்டுக் கொடுத்தாள்.

இதுதான் முடிச்சு. நேற்று இரவெல்லாம் அவள் மைக்கின் முன் நின்று ரோஸியே கிடையாது என்று முழங்கிக்கொண்டிருந்தாள், துணைவேந்தர் வாயடைத்துப்போய் நின்றார், எல்லாம் மனசுக்குள். காலையில் எழுந்ததும் பயம் வந்துவிட்டது. ஒரு பெயரில் பல பேர் வேலை செய்தார்கள் என்று அவள் வாயைத் திறந்தால், கூட்டத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே, இப்போதும் அப்படித்தானோ என்னவோ என்று சொன்னால் போதும், கான்ட்ராக்டர் கைரேகை மிஷினை வாங்கி மாட்டிவிடுவான், செல்வராணி தெருவில் நிற்பாள். அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டு வாசிக்க வேண்டியதுதானா? ஒருபோதும் முகம் சுளிக்காமல் என்று அவள் வாயால்? அவளுக்குக் கல்லூரி விழாக்களில் நல்ல பெயர், கணீரென்ற குரல், சொல் பிசகாது. அந்தக் குரலுக்கு யார் பால் ஊற்றி வளர்த்தார்கள்? யாருடைய தொண்டை அது? மாடிப்படி ஏறி இறங்கி வெந்நீர் கொண்டுபோய், பனியிலும் சாரலிலும் வெறுங்காலோடு நின்று, மணி அடித்த மறுநிமிஷம் “யெஸ் மேம்” என்று கதவுக்கு வெளியே சொல்லிச் சொல்லிக் காய்த்துப்போன தொண்டை. அந்த ஆத்திரம் மறுபடி மேலே வந்தது, வந்து, வழக்கமான இடத்தில் தடுக்கி நின்றது. மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைப் பக்கம் சத்தம் அதிகமாகவே, பின் வரிசைப் பையன்கள் அதைச் சாக்காக வைத்துக் குசுகுசுத்தார்கள். அவள் அங்கே போய் நின்றாள்.

காலையில் அம்மாவிடம் படத்தைக் காட்டியது தப்பா சரியா என்று தெரியவில்லை. எண்பத்து நாலு வயது, கண் அறுவை செய்து இரண்டு வருஷம் ஆகிறது, காது மட்டும் பாம்புக்காது. கட்டிலில் உட்கார்ந்து ராகிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். தமயந்தி கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கி நீட்டினாள், இதில் நீயா பாரு என்றாள். அம்மா மயிலாத்தாள் கஞ்சி டம்ளரை வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தாள். “இது நான் எங்க? பார்வதியக்கா அம்மிணி இது. கையப் பாரு, கொதிக்கிற தண்ணி கொட்டுன தழும்பு.” தழும்பு இருந்தது, தமயந்தி அதுவரை அதைப் படத்தின் கறை என்று நினைத்திருந்தாள். அம்மா அப்போது கீழே லாண்டரியில் இருந்தாளாம், பதினெட்டு வயசு. பார்வதிக்கு ஐப்பசி மாத மழையில் நனைந்து நனைந்து நெஞ்சில் சளி கட்டியது, எட்டு நாள் கீழே சாமான் அறையில் சாக்கின்மேல் கிடந்தாள், அந்த எட்டு நாளும் அவளுடைய அக்கா மகள் ரோஸியாக மாடிக்குப் போனாள். ஒன்பதாம் நாள் விடியற்காலை பார்வதி போய்விட்டாள். “பொணத்தைப் பின் வாசல் வழியா எடுத்துட்டுப் போறாங்க, நாங்க அழுதுட்டு நிக்கறோம், பட்லர் வந்து என்னையக் கூப்புடறான். ஏ புள்ள, இன்னிக்கிருந்து நீதான் ரோஸி, ஒம்பதாம் நம்பருக்கு டீ கேக்கறாங்க, போன்னு. மூஞ்சியக் கழுவீட்டுப் போனேன். அந்தத் துரைசானி ஒண்ணும் கேக்கலியே. குட் மார்னிங் ரோஸின்னா.” சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். அதுதான் தமயந்தியால் தாங்க முடியவில்லை. “இன்னிக்கும் எவளாச்சும் ரோஸின்னு கூப்ட்டா நான் திரும்பிப் பாப்பேன் அம்மிணி, பழக்கதோஷம்.” பிறகு கஞ்சியை எடுத்துக்கொண்டு, கேட்காத மாதிரிக் கேட்டாள், “படத்தைத் தொறக்கறதுக்கு என்னையெல்லாம் உள்ள உடுவாங்களா?” தமயந்தி நேரமாச்சு என்று கிளம்பி வந்துவிட்டாள். பார்வதியின் முகம், ரோஸலினின் பெயர், கன்னியம்மாவின் வருஷங்கள், மயிலாத்தாளின் வருஷங்கள், எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து ஒரு பொம்மை செய்து போர்ட்டிகோவில் வைக்கப்போகிறார்கள், அதைத் திறந்துவைக்கும் இடத்துக்கு அம்மா வரலாமா என்று அம்மா கேட்கிறாள். நான்கு பத்து. இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது.

வழக்கமான இடம் என்பது தொண்ணூற்றெட்டாம் வருஷம், இதே கட்டடம், கீழே பழைய பில்லியர்ட்ஸ் அறை, நேர்முகத் தேர்வு. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வியெல்லாம் முடிந்து, வேலை நிச்சயம் என்று தெரிந்துபோன நேரத்தில் நடுவில் இருந்தவர் சும்மா பேச்சுக்குக் கேட்டார், சொந்த ஊரே குன்னூரா அம்மா, அப்பா என்ன செய்கிறார். டீ ஃபேக்டரியில் இருந்தார், இப்போது இல்லை என்றாள். அம்மா? ஒரு நொடி. ஒரே நொடிதான், அதற்குள் அறையைச் சுற்றிப் பார்த்தாள், பச்சைத் துணி உரித்த மேஜை, சுவரில் கட்டையோடு மான் தலை, அந்த மான் தலையின் கண்ணாடிக் கண்ணை வாரம் ஒருமுறை அம்மா துடைத்திருக்கிறாள். “ஹவுஸ் வைஃப், சார்.” அவ்வளவுதான். யாரும் வற்புறுத்தவில்லை, மேனேஜர் பெண்டாட்டி இல்லை, பட்லர் இல்லை, அவளாகவே சொன்னாள். பிறகு இருபத்தேழு வருஷம் அதைக் காப்பாற்றினாள். ஓய்வறையில் யாராவது அம்மாவைக் கூட்டிவாருங்களேன் மேடம், பழைய ஹோட்டலைச் சுற்றிக் காட்டலாம் என்றால், முட்டி வலி, படி ஏற மாட்டார்கள் என்றாள். தொண்ணூற்றெட்டில் அம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது, தண்ணீர்க் குடத்தோடு மேடு ஏறிக்கொண்டிருந்தாள். ஹோட்டல்காரர்கள் மயிலாத்தாளை ரோஸி ஆக்கினார்கள். பெற்ற மகள் ஹவுஸ் வைஃப் ஆக்கினாள். ரோஸிக்காவது கால்கடுப்பும் கைவலியும் இருந்தது, ஒரு மாடி இருந்தது. கிருபாகரன் மேல் பாய்வதற்கு இவளுக்கு என்ன யோக்கியதை? அவர் தெரியாமல் செய்தார், இவள் தெரிந்து செய்தாள். தமயந்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், கம்பி சில்லென்றிருந்தது. இல்லை, அப்படியும் சொல்லிவிட முடியாது என்று உடனே மனசு மறுபக்கம் திரும்பியது. அந்த ஒரு நொடியில் யார் அவள் வாயை அடைத்தது? உண்மையைச் சொல்லியிருந்தால் ஐந்து பேரும் ஓஹோ என்றிருப்பார்கள், எவ்வளவு பெரிய விஷயம் என்றிருப்பார்கள், அதற்கப்புறம் ஆயுசுக்கும் அவள் கணிதத் துறை தமயந்தி இல்லை, ஆயா மகள் தமயந்தி. அந்தப் பார்வைக்குப் பயந்தாள். பயப்படவைத்தவர்கள் எல்லாம் நல்ல மனிதர்கள், முதுகில் தட்டிக்கொடுப்பவர்கள். சரி, அன்றைக்குப் பயந்தாய், முப்பது வயசு, வேலை வேண்டும். இன்றைக்கு என்ன? ஓய்வுபெற மூன்று வருஷம் இருக்கிறது, இனிமேல் யார் உன்னை என்ன செய்துவிட முடியும்? இன்றைக்கும் அந்தத் தாளை வாசித்தால் அது பயம்கூட இல்லை, வெறும் பழக்கதோஷம். அம்மா சொன்ன அதே வார்த்தை. அறுபத்தெட்டு ஆகஸ்ட். டிக். வேண்டாம், வேண்டாம். அம்மாவுக்கு முடியாத நாட்களில் அத்தை ரோஸியாகப் போனாள், அதற்கும் டிக், யார் வந்தாலும் டிக். நான்கு ஐம்பதுக்கு எச்சரிக்கை மணி அடித்தது, தாள்களைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று அவள் சத்தமாகச் சொன்னாள், குரல் கணீரென்றுதான் வந்தது.

தாள் வாங்கும்போது கை தன் வேலையைப் பார்த்தது, அறுபது விடைத்தாள், அறுபது கையெழுத்து, நூல் சரியாகக் கட்டியிருக்கிறதா, எண் சரியாக இருக்கிறதா. பையன்களும் பெண்களும் தரையின் நடுவில் தடதடவென்று ஓடினார்கள், கேள்விக்குப் பதில் பேசிக்கொண்டு, ஒருவனுக்கும் அந்தத் தரையின்மேல் மரியாதையில்லை, அதைப் பார்க்க அவளுக்கு ரொம்ப நன்றாக இருந்தது. கடைசிப் பெண் போன பிறகு கைப்பையைத் திறந்து தாளை எடுத்தாள், பேனாவை எடுத்தாள். செல்வராணி பற்றிய இடத்தில் ஒரு நாளும் விடுப்பு எடுக்காத என்பதை அடித்தாள். ரோஸியின் வழிநடக்கும் என்பதை அடித்தாள். செல்வராணி என்ற பெயர் மட்டும் நின்றது. இன்றைய பதிவேட்டைப் பற்றி அவள் மூச்சு விடப்போவதில்லை. பழைய பதிவேடு வேறு, அதில் இருப்பவர்களின் வேலையை இனி எவனும் பறிக்க முடியாது. இப்போதும் அப்படித்தானோ என்று எவனாவது இளித்தால் அதற்கும் பதில் வைத்திருக்கிறாள், தினமும் செல்வராணிதான் என் அறையைத் துடைக்கிறாள், நான் சாட்சி என்பாள். அந்த ஒரு பொய்க்கு அவள் வாய் கூசாது. கைப்பேசியை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். “அம்மா, அந்த அரக்குச் சேலையக் கட்டிக்க. முக்குக் கடைல ஆட்டோ நிக்கும், ஏறி இங்க வந்துரு. பின் கேட் இல்ல, முன் கேட். போர்ட்டிகோலயே வந்து எறங்கு.” “முன்னாடியா?” என்றாள் மயிலாத்தாள். “முன்னாடிதான்.” “யாராச்சும் கேட்டா என்னன்னு சொல்ல அம்மிணி?” “உன் பேரைச் சொல்லு” என்றாள் தமயந்தி.

வராந்தாவில் கிருபாகரன் புதுச் சட்டையில் பரபரத்துக்கொண்டிருந்தார். அவள் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன மேடம், விடுப்பு எடுக்காதவர்ங்கறதை அடிச்சுட்டீங்க? அதுதானே தகுதியே?” என்றார். அவள் நின்றாள். “சார், போன வாரம் உங்க பொண்ணுக்குக் காய்ச்சல்னு ரெண்டு நாள் லீவ் எடுத்தீங்க இல்ல?” “ஆமா மேடம்.” “உங்களை யாராச்சும் கெட்ட வாத்தியார்னு சொன்னாங்களா?” அவர் முகம் சிவந்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவம்தான், ஆனால் பாவம் பார்க்கும் நேரம் இதுவல்ல. போர்ட்டிகோவில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன, துணைவேந்தர் கடிகாரத்தைப் பார்த்தார், பச்சைச் சட்டைப் பெண்கள் சுவரை ஒட்டி வரிசையாக நின்றார்கள், செல்வராணியும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில். சாரல் இன்னும் விடவில்லை. துணைவேந்தர் திரையை இழுத்தார், கை தட்டினார்கள், கல்லில் பொறித்த ரோஸி என்ற பெயருக்கு மேலே பார்வதி தழும்புக் கையை மடித்துக்கொண்டு நின்றாள். முன் கேட்டில் ஒரு ஆட்டோ வந்து நிற்பதும் காவலாளி குனிந்து உள்ளே பார்த்து ஏதோ கேட்பதும் தெரிந்தது. தமயந்தி மைக்கின் முன் போனாள். தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். கேட்டில் காவலாளி ஒதுங்கி வழி விட்டான்.

“வணக்கம். இந்தப் படத்தில் இருப்பவர் பெயர் பார்வதி. முதல் மாடி ரோஸி ஒருத்தர் இல்லை, நான்கு பேர். ரோஸலின், கன்னியம்மா, பார்வதி, மயிலாத்தாள். நான்காவது ஆள் இதோ ஆட்டோவிலிருந்து இறங்குகிறார், அவர் என் அம்மா. ரோஸி ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை என்று பதிவேடு சொல்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பதிவேட்டை நானும் பார்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு, ஆகஸ்ட் ஒன்பது, வெள்ளிக்கிழமை, ரோஸி வேலைக்கு வந்திருப்பதாக டிக் போட்டிருக்கிறது. அன்றைக்குத்தான் நான் பிறந்தேன்.”